நாலாவது கியரில் நிற்கும் கார்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் நான்கு பேர் இருந்தோம். யன்னலோர மேசையில் நான். தையல் மெஷினை மூடி, அதன் மேல் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு, நாங்கள் நோனா என்று கூப்பிடும் சிங்களப் பெண்மணி. மாத்தளை நீதிமன்றத்துக்கு எதிரில் சிங்களத்தில் மனு அடித்துக் கொடுப்பவர் அவர். லீவு நாளென்றும் பாராமல் வந்திருந்தார். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில் மெக்கானிக் ரவூப் நானா. சாய்ந்தால் நாற்காலி உறையில் எண்ணெய் படும் என்று அவர் சாயவில்லை. சமையலறை நிலைப்படியில் முக்காலி போட்டு என் மனைவி சந்திரகாந்தா. ஐந்தாவது ஆளாக இருந்திருக்க வேண்டிய அவளுடைய தம்பி லெட்சுமணன், கலேவெலப் பாதையில் ஒரு பொலிஸ் நிலையத்து பெஞ்சில் முந்தின நாள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான். எங்கள் கார் அதே நிலையத்தின் முற்றத்தில் நின்றது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் லெட்சுமணனைக் கண்டிக்கு அனுப்புவார்கள். அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, யுத்த காலம். அப்படி அனுப்பப்பட்டவர்களைத் தேடி வீட்டார் எத்தனை மாதம் அலைந்தார்கள் என்பது எங்கள் உக்குவளையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காரை நான் வாங்கியது இரண்டு வருடத்துக்கு முன்பு. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தவர் ஓய்வு பெற்றுப் போகும்போது விற்றார். பதினைந்து வருடம் பாவித்த டீசல் கார். பெற்றோல் காரை வாங்கி ஓட்டுகிற வசதி எனக்கில்லை. மாத்தளையில் ஒரு மிளகுக் கடையில் கடிதம் எழுதுவதுதான் என் வேலை. குளிரில் கிடந்து பழகிய கார் என்றாலும் காலையில் அது லேசில் எழும்பாது. சாவியைப் பாதி திருப்பி, உள்ளே சூடேறும்வரை இருபது எண்ண வேண்டும். எண்ணுவது சந்திரகாந்தாவின் பொறுப்பாகிவிட்டது. பின்பக்கத்து இடது கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கும். ஏற்றத்தில் பின்னால் வரும் பஸ்காரர்கள் எங்கள் புகையைப் பார்த்து ஹோர்ன் அடிப்பார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை.

பெரிய விஷயம், மாசி மாதம் தேர் பார்க்க மாத்தளைக்குப் போன அன்று வந்தது. பாதி வழியில் என்ஜின் நின்றது, பிறகு எத்தனை இருபது எண்ணியும் எழும்பவில்லை. ரவூப் நானா வந்து பார்த்துவிட்டு விளக்கினார். டீசல் பம்ப்பின் தலையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் அதற்குக் கரண்ட் போய், உள்ளே இருக்கும் ஊசியை மேலே இழுக்கும். டீசல் என்ஜினுக்குப் போகும். சாவியை அணைத்தால் ஊசி விழுந்து வழியை அடைக்கும், என்ஜின் நிற்கும். எங்கள் காந்தம் எரிந்துவிட்டது. ஊசி விழுந்தது விழுந்தபடி கிடக்கிறது.

புதுச் சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் அவர் ஊசியையும் அதன் ஸ்பிரிங்கையும் கழற்றி எடுத்துவிட்டு, மூடியைத் திரும்பவும் முறுக்கினார். கார் உடனே ஓடியது.

"சேர், இனி டீசல் ஒரே போக்காப் போகும். சாவியக் கையில எடுத்தாலும் என்ஜின் ஓடும்," என்றார். "நிப்பாட்டணும்னா நாலாவது கியர்ல போட்டு, பிரேக்க மிதிச்சு, கிளச்ச விடுங்க. ஒரு குலுக்குக் குலுக்கிட்டு நிக்கும். சாமான் வாற வரைக்கும்தான். பழகிடாதீங்க."

நாங்கள் பழகிவிட்டோம். கார் முன்னால் ஓர் அடி எகிறி நிற்கும். அந்த நேரத்தில் சந்திரகாந்தா கைப்பையை மடியில் இறுக்கிக்கொள்வாள். பக்கத்து வீட்டார்கூட எங்கள் கார் நிற்கும்போது அதற்கு முன்னால் நடக்கமாட்டார்கள். லெட்சுமணன் றத்தோட்டைக்கு மேலே ஒரு பாடசாலையில் ஆசிரியர். சனி, ஞாயிறு இங்கே வருவான். அவனும் ஓட்டுவான் என்பதால் நான் ஒரு தாளில் ஒன்று முதல் ஏழு வரை இலக்கமிட்டு எல்லாவற்றையும் எழுதி, டாஷ்போர்ட் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வைத்தேன். சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். ஐந்தாவது: சாவியை எடுத்தாலும் என்ஜின் நிற்காது. ஆறாவது: நாலாவது கியரில் கிளச்சை விட்டால் வண்டி முன்னால் பாயும். ஏழாவது: பதறாமல் இறங்கவும்.

சனிக்கிழமை காலை லெட்சுமணன் தன்னோடு வேலை செய்பவரின் கல்யாணத்துக்காகக் காரை எடுத்துக்கொண்டு கலேவெலவுக்குப் போனான். வழியில் சோதனைச்சாவடி. என்ஜினை நிறுத்தச் சொன்னார்கள். அவன் சாவியை உருவி, யன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டினான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சிப்பாய் மறுபடியும் சத்தமாகச் சொன்னான். நல்ல பிள்ளையாக லெட்சுமணன் ஆறாவதில் உள்ளபடி நாலாவது கியரில் போட்டுக் கிளச்சை விட்டான். அந்த இடம் சற்று இறக்கம். கார் எகிறி, குறுக்கே வைத்திருந்த தகர பீப்பாயைத் தள்ளிவிட்டு நின்றது.

யாரும் சுடவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஒரு கையில் சாவியோடு அவன் இறங்கியிருக்கிறான். பிறகு காரைச் சோதித்து, நான் ஒட்டிய தாளைக் கண்டெடுத்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் அதை வாசித்துச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிறு காலையில் நான் பஸ்ஸில் போனபோது சார்ஜன்ட் அந்தத் தாளை மேசையில் விரித்து, இது யார் எழுத்து என்று கேட்டார். என் எழுத்து என்றேன். கடிதம் எழுதுகிறவரா என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் சாவி இல்லாமல் ஒரு வாகனம் எப்படி ஓடும், ஏன் அப்படிச் செய்து வைத்தீர்கள் என்று எழுதிக் கொண்டு வாருங்கள், சிங்களத்தில் வேண்டும் என்றார். மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். லெட்சுமணனை ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. "மச்சான், ஏழாவதையும் சரியாத்தான் செஞ்சேன்," என்றான். அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

இதுதான் நடந்தது. இப்போது கடிதம்.

நான் தமிழில் ஒவ்வொரு பந்தியாகச் சொல்ல, நோனா மனதிலேயே சிங்களமாக்கி அடித்துக்கொண்டு வந்தார். முதல் பந்தி, காரின் இலக்கமும் உரிமையாளரும். இரண்டாவது, லெட்சுமணன் யார், எங்கே போனான். மூன்றாவதில், "பழுதான பாகத்தை ஒரு கராஜில் தற்காலிகமாகக் கழற்றினார்கள்" என்றேன். நோனாவின் விரல்கள் நின்றன.

"எந்த கராஜ்? யார் கழட்டினது? அத கேப்பாங்க மாத்தயா," என்றார். "பேர் இல்லாம குடுத்தா, கத கட்டியிருக்கிறார்னுதான் நெனைப்பாங்க."

யாரும் ரவூப் நானாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே பார்ப்பது மாதிரி இருந்தது. அந்த வருடம் குண்டு வாகனம் தேடி அவருடைய கராஜுக்கு இரண்டு தடவை சோதனைக்கு வந்திருந்தார்கள். வாகன வேலை செய்யும் எல்லா இடங்களுக்கும் வந்தார்கள்தான். ஆனால் நிற்காதபடி ஒரு காரைச் செய்து கொடுத்தது நான்தான் என்று அவர் கையெழுத்து வைத்தால், மூன்றாவது தடவை வருகிறவர்கள் வெறுங்கையோடு போவார்களா? அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

"பேரப் போடாம எழுத வழியில்லைங்களா?" என்று சந்திரகாந்தா என்னைக் கேட்டாள். அவளுக்கே கேட்கப் பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. அங்கே இருப்பது அவளுடைய தம்பி.

ரவூப் நானா நாற்காலி நுனியிலிருந்து என்னைப் பார்த்தார்.

"அந்தப் பெட்டி எங்க சேர்?"

எனக்கு உடனே புரிந்தது. புரியாதது போல் பேனாவை மூடினேன். சந்திரகாந்தா எழுந்து உள்ளே போனாள். அலுமாரி லாச்சியைத் திறக்கும் சத்தம் கேட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைப் பெட்டியொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மேலே ஒட்டியிருந்த பசைத்தாள் கிழிக்கப்படாமல் இருந்தது.

அது புதுக் காந்தம். சித்திரையில் ரவூப் நானா கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தது. இப்போது ஆவணி.

"மூணு தரம் சொன்னேன். அர நாள் வேலைன்னு சொன்னேன்," என்றார் ரவூப் நானா. கோபமாகச் சொல்லவில்லை.

நான் ஏன் மாட்டவில்லை? ஒரு சனிக்கிழமை மழை. ஒரு சனிக்கிழமை கடையில் வேலை. அதற்குப் பிறகு காரணம் எதுவும் இல்லை. கார் ஓடியது, தாள் இருந்தது, தாளில் உள்ளபடி செய்தால் கார் நின்றது. அவ்வளவு சுத்தமாக எழுதி ஒட்டியதைக் கிழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. இதை நான் அவர்களுக்குச் சொன்னேன். கடைசிப் பகுதியைச் சொல்லும்போது சந்திரகாந்தா, "அதக் கண்ணாடி போட்டு மாட்டாததுதான் கொற," என்றாள்.

நோனா டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

ரவூப் நானா சிரிக்கவில்லை. "எம் பேரப் போடுங்க சேர்," என்றார். "ரவூப் கழட்டினான்னு போடுங்க. புதுசக் கொண்டாந்து குடுத்தான்னும் போடுங்க. நாலு மாசம் மாட்டாம வெச்சிருந்தது யாருன்னும் போடுங்க. முழுசா எழுதினா நான் கையெழுத்து வெக்கிறன். பாதி எழுதினா அது பொய்."

நான் மூன்றாவது பந்தியை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். கராஜின் விலாசம், கழற்றிய திகதி, கழற்றிய காரணம். நான்காவது பந்தியில், புதுப் பாகம் சித்திரை மாதமே என் கைக்கு வந்தது, மெக்கானிக் மூன்று முறை நினைவூட்டினார், மாட்டாமல் விட்டது முழுக்க என் கவலையீனம், லெட்சுமணன் நான் எழுதிய தாளில் உள்ளதை மட்டுமே செய்தான் என்று சொன்னேன். கவலையீனம் என்ற சொல்லுக்கு நோனா என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடித்தார். வேறு மென்மையான சொல் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கடைப் பெயரில் எத்தனையோ வருடம், தாமதத்துக்கு மழையையும் லொறியையும் காட்டிக் கடிதம் எழுதியவன் நான்.

ஊசி என்றால் எவ்வளவு பெரிது, அதை எப்படி விளங்கப்படுத்துவது என்று நோனா கேட்டார். ரவூப் நானா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். கமரா பிலிம் வரும் டப்பா. மூடியில் எங்கள் கார் இலக்கம் பேனாவால் எழுதியிருந்தது. கவிழ்த்தார். விரல் நகத்தின் நீளத்தில், அவர் ஊசி என்று சொன்ன இரும்புக் குமிழும் ஒரு ஸ்பிரிங்கும் மேசையில் விழுந்தன.

"கழட்டினத வீசுற பழக்கம் எனக்கில்ல. எல்லா வாகனத்துக்கும் இப்படித்தான் வெச்சிருப்பேன்," என்றார். "இதையும் கடிதத்தோட அனுப்புங்க. பொலிஸ் கராஜ்லயும் மெக்கானிக் இருப்பாங்க. கையில எடுத்துப் பாத்தா அவங்களுக்கு வெளங்கும்."

அப்படியென்றால் அந்த டப்பா மூன்று மணியிலிருந்தே அவருடைய பையில் இருந்திருக்கிறது.

ஐந்தாவது பந்தியாக, இத்துடன் இணைக்கப்பட்டவை என்று எழுதினோம்: கழற்றிய ஊசி ஒன்று, ஸ்பிரிங் ஒன்று. அனுமதி கிடைத்தால் மெக்கானிக் நிலைய முற்றத்திலேயே புதுப் பாகத்தை மாட்டி, சாவியை அணைத்தால் என்ஜின் நிற்பதை நேரில் காட்டுவார் என்றும் சேர்த்தோம். நோனா தாளை உருவி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினார். நான் கையெழுத்து வைத்தேன். ரவூப் நானா கையைப் பழைய வேட்டித் துண்டொன்றில் துடைத்துவிட்டு, தாளின் ஓரத்தில் எண்ணெய் படாதபடி முழங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நோனாவும் சாட்சியாகப் போட்டார். டைப் அடித்ததற்கான கூலியை அவர் வாங்க மறுத்தார். லெட்சுமணன் வெளியே வந்தால் தன் மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கட்டும் என்றார்.

காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கொடுத்துவிடுவோம் என்று ரவூப் நானா சொன்னார். அவருடைய மோட்டார் சைக்கிளில் போனால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரலாம். என்னையும் வரச் சொன்னார். சந்திரகாந்தா லெட்சுமணனுக்கு ஒரு சேர்ட்டும் சாரமும் மடித்து, சோற்றுப் பார்சல் ஒன்றும் கட்டிக் கொடுத்தாள். புதுக் காந்தத்தையும் இரண்டு ஸ்பேனரையும் ரவூப் நானா பையில் போட்டுக்கொண்டார்.

ஊசியையும் ஸ்பிரிங்கையும் ஒரு தாளில் சுற்றி, குண்டூசி குத்தி, கடிதத்தின் மடிப்புக்குள் வைத்தேன். உறை நடுவில் புடைத்தது. பசை மட்டும் போதாது என்று கடையிலிருந்து கொண்டுவந்த அரக்கை மெழுகுதிரியில் உருக்கி, மடிப்பின் மேல் இரண்டு சொட்டு விட்டேன். ஆறியதும் அழுத்திப் பார்த்தேன். பிடித்திருந்தது. உறையைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ரவூப் நானாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். நாலரை மணிக்குக் கடிதம் புறப்பட்டது.