காலை ஆட்டினால் ஏறும் டிக்கெட்

என் வாயில் மிச்சமிருக்கிற ஒன்பது பற்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஒன்று பொய்யானாலும் ஒன்பதும் இந்த நிமிடமே உதிரட்டும்.

என் மனைவியின் தம்பி எட்டு வருடங்களுக்கு முன்பு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் உப்பில்லை என்று பாதியில் எழுந்து போனவன். போனவன் போனவன்தான். கடிதமும் இல்லை, போனும் இல்லை. போன மாதம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்தார். "உங்க மச்சினனைப் படத்துல பார்த்தேங்க. ரயில் நிலையத்துல கதாநாயகன் அழுறான், இவன் பின்னாடி தூணுல சாஞ்சு வாழைப்பழம் திங்கிறான்."

"இளைச்சிருந்தானான்னு கேட்டீங்களா?" என்று அவர் போன பிறகு என் மனைவி என்னைத் துளைத்தெடுத்தாள். தையல்காரர் அளவெடுக்கவில்லையாம்.

எங்கள் ஊரில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். பெருநகரத்தில் ஒரே தியேட்டரில் ஓடியது, அதுவும் அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக் காட்சியோடு சரி. அரக்கப்பரக்கக் கிளம்பிப் பஸ் பிடித்தோம். திரும்புவதற்கும் சீட்டு வாங்கியது போக அவள் கைப்பையில் ஐந்நூறு இருந்தது.

தியேட்டர் ஏழாவது மாடியில். கவுன்ட்டருக்கு மேலே சிவப்பு எண்கள் எரியும் பலகை. டிக்கெட் 180. எங்கள் ஊரில் அறுபதுதான். முன்னால் பதினொரு பேர். ஓர் அடி நகர்ந்தேன், 190. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், 205.

"என்னம்மா இது, நிக்க நிக்க ஏறுது?" என்று எட்டிக் கேட்டேன்.

டிக்கெட் கொடுக்கிற பெண் தலை நிமிராமல் ஒப்பித்தாள். "சனிக்கிழமை ஒரு விலை சார், செவ்வாய்க்கிழமை ஒரு விலை. காலையில ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. முன்வரிசை, பின்வரிசை, சாஞ்சு படுக்கிற சோபா எல்லாம் வேற வேற. வாடகை இருக்கு, லிஃப்ட் இருக்கு, ஏசி இருக்கு. கூட்டம் ஏறினா விலையும் ஏறும்."

"கூட்டம் ஏறலையேம்மா, அதே ஆளுங்கதானே நிக்கிறோம்?"

அவள் தரையை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மனசு ஒரு நிலையில் இல்லையென்றால் என் வலது கால் தானாக ஆடும். அறுபது வருடப் பழக்கம். என் மனைவி பலகையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"என்னங்க, காலை நிறுத்துங்க."

"ஏன்?"

"நிறுத்துங்கன்னா!"

நிறுத்தினேன். பலகை 215-இல் நின்றது. ஆட்டினேன், 220. நிறுத்தினேன், நின்றது. குனிந்து தட்டிப் பார்த்தேன். வரிசை நிற்கிற இடத்தில் மட்டும் பளிங்குத் தரை மெத்தைபோல அமுங்கியது. அடியில் தராசு வைத்திருக்கிறார்கள்! எத்தனை கால் பரபரக்கிறதோ அத்தனை விலை. பெருநகரங்களில் டிக்கெட் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று இப்போது புரிந்ததா? அங்கே யாருடைய கால் சும்மா இருக்கிறது?

என் கால் நின்று என்ன பயன்? முன்னால் டை கட்டியவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குதித்தார். ஓர் அம்மாள் செருப்பால் தாளம் போட்டாள். 235. 245. இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். 250-ஐத் தாண்டினால் எங்களில் ஒருவர்தான் உள்ளே போகமுடியும்.

"நீ மட்டும் போய்ப் பார்த்துட்டு வா" என்றேன்.

"கிளம்பின அவசரத்துல கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டேங்க. இந்தப் பலகை பெருசு, தெரியுது. உள்ள நீங்க காட்டலைன்னா எனக்கு எல்லாத் தூணும் தம்பிதான்."

வேறு வழியில்லை. வரிசைக்கு முன்னால் போய் நின்று, என் முப்பத்தாறு வருட உத்தியோகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். பதிவு அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிற வேலை.

"நீலக் கோப்பு கீழ்த்தட்டு. பச்சைக் கோப்பு நடுத்தட்டு. எண்பத்திரண்டுல பச்சையைக் கீழ வைக்கலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு..."

மஞ்சள் கோப்பு வருவதற்குள் டை கட்டியவர் கொட்டாவி விட்டார். 150. "அப்புறம் என்னாச்சுன்னா, ஒன்னும் ஆகல" என்றேன். 90. கயிறு கட்டும் முறையை விளக்கியபோது ஆறு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். 20. பூஜ்யம். பிறகு எண்ணுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு விழுந்தது. கழித்தல் 15.

என் மனைவி நுனிக்காலில் நடந்துபோய்க் கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள். அந்தப் பெண் அரைத்தூக்கத்தில் இரண்டு டிக்கெட்டையும் கூடவே முப்பதையும் நீட்டினாள்.

செருப்பைக் கையில் பிடித்தபடி மேலாளர் பூனைபோல வந்தார். "பெரியவரே, நாங்க தொழில் பண்ண வேணாமா? உங்க காலுக்கு வேணும்னா வருஷம் முழுக்க இலவசம். வாயை மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

உள்ளே இடைவேளை வந்தது, ரயில் நிலையம் வரவில்லை. என் மணிக்கட்டு அவள் பிடியில் நசுங்கியது.

"இவனா?"

"அது தபால் பெட்டி."

"இவன்?"

"அது கதாநாயகி. சும்மா இரு."

ஒருவழியாக ரயில் நிலையம் வந்தது. கதாநாயகன் அழுதான். தூண். வாழைப்பழம்.

"அதோ!"

"இளைச்சிருக்கானாங்க?"

நான் வாய் திறப்பதற்குள், திரையில் நின்றவன் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு எங்கள் வரிசையைப் பார்த்துச் சொன்னான். "இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன். இப்பல்லாம் உப்பைக் குறைச்சுட்டேன்."

கதாநாயகன் அழுகையை நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தான்.

ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் அவள் கால்தான் ஆடிக்கொண்டிருந்தது. "நிறுத்து, கண்டக்டர் பாதி வழியில சீட்டு விலையை ஏத்திடப்போறார்" என்றேன். அவள் நிறுத்தவில்லை.

ஒன்பது பற்களும் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்ல விட்டுவிட்டேன், என் மனைவி அவள் பெற்றோருக்கு ஒரே பிள்ளை.