கையால் ஓடிய மத்தியானம்

சௌமியாவுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வண்ணாரப்பேட்டைக்குப் போனபோது கடையில் லிஃப்ட் ரிப்பேர். பட்டு எல்லாம் மூன்றாவது மாடியில். தாயம்மா மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு பெரிய மகள் ரமாபாயைப் பார்த்தாள்.

"நீ எங்கனா ஏசி இருக்கிற எடமா பாத்து குந்துமே. நாங்க போன்ல படம் அனுப்புறோம்."

ரமாபாய்க்குச் சிறு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போயின. கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில்தான் புளியந்தோப்பிலிருந்து ராயபுரம் வரை, துறைமுகச் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசுக்கு, தினமும் போய் வருகிறாள். இப்படி ஓரமாக உட்கார வைக்கப்படுவது அவளுக்குப் புதிதில்லை. கோபம் வரும், சொல்ல மாட்டாள்.

துணைக்கு மாப்பிள்ளை வல்லரசை விட்டுவிட்டு அம்மாவும் தங்கை சௌமியாவும் மேலே ஏறினார்கள். வல்லரசு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கேஸ் கட்டிங் வேலை செய்பவன். நிச்சயமான நாளிலிருந்து அவன் ரமாபாயிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "அக்கா டீ சாப்புடுவாங்களா?" என்று சௌமியாவிடம்தான் கேட்பான், அக்கா பக்கத்திலேயே இருக்கும்போது.

அடுத்த கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு வி.ஆர். கேம் கடை இருந்தது. ஏசிக்காகத்தான் இருவரும் உள்ளே போனார்கள். கடையை நடத்தும் லுப்னா, இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, கண்ணை மூடி மாட்டும் ஹெட்செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சும்மா குந்திகினு இன்னா பண்றீங்க? ஆடுங்கக்கா."

"ஒக்காந்துகினே ஆட முடியுமா?"

"ஜோரா ஆடலாம். இதுல யாருக்கும் காலே கெடையாது" என்ற லுப்னா, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரமாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ குடு" என்றாள்.

லுப்னா அவளைச் சுழல் நாற்காலிக்கு மாற்றி, எதிரே ஒரு ஃபேனைத் திருப்பி வைத்தாள். முகத்தில் காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தால் தலை சுற்றாது என்றாள். பிறகு ஹெட்செட்டை மாட்டினாள். வண்ணாரப்பேட்டை மறைந்தது. ஒரு பெரிய தொழிற்சாலைக் கூரைமேல் ரமாபாய் நின்றாள். நின்றாள் என்பதும் சரியில்லை. குனிந்து பார்த்தால் இடுப்போடு உடம்பு முடிந்துபோயிருந்தது. நீளமாக, புசுபுசுவென்று இரண்டு கைகள் மட்டும்.

"தரைய கையால தள்ளுங்க. எவ்ளோ வேகமா தள்றீங்களோ அவ்ளோ தூரம் பறப்பீங்க."

தள்ளினாள். தினமும் வண்டி சுற்றிய கை. ஒரே தள்ளலில் கூரையைத் தாண்டி, எதிர்க் கட்டடத்தைத் தாண்டி, எதற்கென்றே தெரியாமல் நின்ற ஒரு புகைபோக்கியில் போய் முட்டினாள். "ஐயோ" என்று கத்திவிட்டு உடனே, "திருப்பி எப்டி போறது?" என்று கேட்டாள்.

சுவரை மாற்றி மாற்றிப் பிடித்தால் ஏறலாம். இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ளங்கையால் அடித்து அடித்துக் கிணற்றிலிருந்து வருவதுபோல் மேலே வரலாம். குழாயைப் பிடித்து ஆடி, சரியான நேரத்தில் விட்டால் காற்றில் ஒரு வளைவு போட்டு அடுத்த குழாய்க்குப் போகலாம். ரமாபாய் எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். நாற்காலி அவளோடு சுற்றியது.

கடை டிவியில் அவள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வல்லரசு பொறுக்க முடியாமல் இன்னொரு ஹெட்செட்டைக் கேட்டு வாங்கினான். ஓடிப்பிடிக்கிற ஆட்டம். முதலில் அவன்தான் துரத்த வேண்டும்.

"எங்க கீறீங்க?"

"மேல பாருங்க மாப்ள."

குழாயில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு ரமாபாய் அவனுக்கு மறு கையை ஆட்டினாள். அவன் வேகமாக ஏறினான். பாதி ஏறியவன் கீழே பார்த்துவிட்டான். அப்படியே ஒட்டிக்கொண்டான்.

"அண்ணி" என்றான். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. "கீய பாத்தா ஒரு மாதிரி கீது அண்ணி. எறங்க தெரியல."

"பயப்படாதீங்க, இது பொம்மை. இருங்க, வரேன்." அவள் இறங்கி வந்து கையை நீட்டினாள். "புடிங்க."

அவன் பிடித்தான். "அவுட்டு" என்றான்.

"அடப்பாவி."

அதற்குள் அவன் பறந்துவிட்டான். ரமாபாய் துரத்தினாள். கூரை, சுவர், குழாய், மறுபடி கூரை. சிரிப்பில் மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்து ஹெட்செட்டில் ஆவி படிந்தது. வல்லரசு தப்பிக்கப் பார்த்து கடையின் நிஜச் சுவரில் பதித்திருந்த பஞ்சு மெத்தைமேல் இரண்டு தடவை மோதினான்.

அவர்கள் போனை எடுக்கவில்லையே என்று பயந்துபோய், தாயம்மாவும் சௌமியாவும் பைகளோடு தேடிக்கொண்டு வந்தார்கள். ரமாபாய் நாற்காலியில் காற்றை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தாள்.

"ரமா, போலாம் வா. புடவை எடுத்தாச்சி."

"செத்த குந்தும்மா. மாப்ளய புடிச்சிட்டு வரேன்."

தாயம்மா பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இதுல எதும்மா நம்ம ரமா?" என்று டிவியைக் காட்டி லுப்னாவிடம் கேட்டாள்.

"அந்த மஞ்சக் கலரு."

மஞ்சள் உருவம் ஒரு விளிம்பிலிருந்து தாவியது. தாயம்மாவின் கைகள் தாமாகவே எழுந்தன. அது அடுத்த கூரையில் இறங்கியதும் கைகளும் இறங்கின. அடுத்த தாவலுக்கும் அப்படியே. மடியிலிருந்த பைகள் சரிந்ததை அவள் கவனிக்கவில்லை.

ரமாபாய் அவனைப் பிடித்தபோது கடையே கைதட்டியது. பிறகு சௌமியா ஆடினாள். இரண்டே தாவலில் தலை சுற்றி வல்லரசின் மேல் விழுந்தாள். வேண்டுமென்றே விழுந்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. தாயம்மாவையும் பைகளையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். சௌமியா அக்காவின் வண்டியில் பின்னால் தொற்றிக்கொண்டாள். வல்லரசு கூட நடந்தான். ரமாபாயின் தோள்கள் வலித்தன, சிரிப்பு மட்டும் அடங்கவில்லை. வழியிலிருந்த பாலத்தின் ஏற்றத்தில் வல்லரசு பின்னாலிருந்து தள்ளினான். உச்சிக்கு வந்ததும் அவள் திரும்பினாள்.

"கைய எடுங்க மாப்ள."

"வோணாம் அண்ணி."

"எடுங்க சொல்றேன்."

எடுத்தான். வண்டி இறங்கியது. பின்னலும் துப்பட்டாவும் பறக்க, சௌமியா அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "பிரேக்க புடிக்கா, பிரேக்கு" என்று அலறினாள். ரமாபாய் அடிவாரம் வரை பிடிக்கவில்லை. ஒரு மாநகரப் பேருந்தின் ஜன்னல்களில் எல்லாத் தலைகளும் திரும்பின.

வண்டி நின்ற பிறகு சௌமியா கலைந்த பின்னலைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மெதுவாக, "இன்னொரு வாட்டி போலாமாக்கா?" என்றாள்.

வல்லரசு மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தான். "திருப்பி மேல ஏத்தணும்னா யாரு தள்றது?"

அக்காவும் தங்கையும் அவனையே பார்த்தார்கள். அவன் உள்ளங்கைகளைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.