நீளமான இழுகயிறு

முளையிலிருந்து சங்கிலியை அவிழ்த்த பிறகும் கிழட்டு நாய் கயோக் எழுந்திருக்கவில்லை. அமாலியா பூட்ஸ் முனையால் அதன் விலாவை மெல்லத் தள்ளினாள். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. தாடைக்குக் கீழே கட்டி முஷ்டி அளவுக்கு வீங்கியிருந்தது. உறைந்த மீனைக் கடிக்க முடியாமல் போனதிலிருந்து வேகவைத்துப் பிசைந்த சீல் கறிதான். நேற்று அதுவும் இறங்கவில்லை.

"அண்ணி, சங்கிலியோடவே தரதரன்னு இழுத்துட்டுப் போயிரலாம். பாறைக்குப் பின்னாடி ஒரே நிமிஷ வேலை," என்றான் லார்சி. அவன் தோளில் தொங்கிய துப்பாக்கி அவனுடையதல்ல. அவன் அண்ணன் பீட்டாக்குடையது. காலையில் வந்தவன் கேட்காமலே சுவரிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"துப்பாக்கிய இங்க குடு. நான் பாத்துக்கறேன்."

"நீயா? ஒருத்தன் வண்டியோட முன்னோடி நாய அவன்தானே சுடணும். அவனால ஆகலைன்னா கூடப் பொறந்தவன் எதுக்கு இருக்கேன்?"

"சுட்டுட்டு மத்த நாயையும் ஓட்டிட்டுப் போறதுக்கு."

லார்சி மறைக்கவில்லை. "ஆமா, ஓட்டிட்டுத்தான் போவேன். அண்ணன் படுத்ததுலேர்ந்து கடல்பனில உங்க தூண்டில் துவாரம் மூடிக் கெடக்கு. நீ ஃபாக்டரில மீனு அறுத்துட்டு வந்து இத்தன வயித்தயும் எப்படி ரொப்புவ? கயோக்கும் போயிட்டா இதுங்களுக்கு முன்னாடி யாரு ஓடுவா? நீயா?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

உள்ளே போய், கயோக்கை வண்டியில் பூட்டும் இழுவாரை எடுத்தாள். ஜன்னலோர நாற்காலியில் இருந்த பீட்டாக் அதைப் பார்த்துவிட்டான். இலையுதிர் காலத்தில் அவனுடைய வலப்பக்கம் விழுந்துபோனது. பேச்சும் கூடவே போனது. இடது கையால் நாற்காலியை அறைந்தான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டான்.

"தெரியுது. உன் நாய்தான். ஆனா உன் கை ஆடுதுய்யா. குண்டு தவறிப் போச்சுன்னா அது படற பாட்ட உன்னால பாக்க முடியுமா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஆணியில் தொங்கிய அவன் தோல் கால்சட்டையை எடுத்து, குனிந்து, விழுந்துபோன காலை முதலில் அதற்குள் நுழைத்தாள்.

அவனைச் சின்ன சறுக்குவண்டியில் உட்கார வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். அண்ணன் எடை குறைந்துவிட்டதை லார்சி அப்போதுதான் உணர்ந்தான் போல. அதன் பிறகு ஜோக் எதுவும் அடிக்கவில்லை. ஆனால் வாரைப் பார்த்ததும் வாய் திறந்தான்.

"சாகப்போற நாய்க்கு இது எதுக்கு அண்ணி?"

"சங்கிலிய இழுத்தா கொல்லக் கூட்டிட்டுப் போறோம்னு தெரிஞ்சிரும். வாரு போட்டா வேலைக்குன்னு நெனச்சுக்கும்."

அவள் செய்த தப்பு, வாரை மற்ற நாய்களின் கண்முன்னே உதறியதுதான். பத்து நாய்களும் துள்ளி எழுந்து சங்கிலி தெறிக்க ஊளையிட்டன. அவற்றை வண்டியில் பூட்டி எத்தனை மாதமாயிற்று! அந்தச் சத்தத்தில் கயோக்கும் எழுந்தது. பின்னங்கால் நடுங்க நின்று, தலையைத் தானே வாருக்குள் நுழைத்துக்கொண்டது.

கரைப்பனி நொறுங்கிக் கிடந்த இடத்தைத் தாண்டிக் கடல்பனிக்கு இறங்கினார்கள். அமாலியாவும் லார்சியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். கயோக்கின் வாரிலிருந்து வண்டிக்குக் கட்டிய கயிறு தொய்யும், திடீரென்று விறைக்கும். அப்படி விறைத்தபோதெல்லாம் கிழட்டு நாய் உண்மையாகவே இழுத்தது.

நல்ல நாய் என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது. குட்டியில் அமாலியாவின் புதுத் தோல் பூட்ஸ்களைத் தின்று தீர்த்தது. ஒருமுறை வளைகுடா நடுவே, ஓடிக்கொண்டிருந்த கூட்டத்தை நிறுத்திவிட்டுக் குட்டி போட்டது. நான்கையும் அமாலியா சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்; வயிறெல்லாம் ரத்தமும் ஈரமும். அதில் பிழைத்தது நுக்கா ஒன்றுதான்.

அப்புறம், அந்த வசந்தம். பொழிகிற பனியில் எதிரே எதுவும் தெரியாத நாள். கயோக் நின்று, அப்படியே படுத்துவிட்டது. பீட்டாக் சாட்டையை வீசினான். எழவில்லை. மறுபடி வீசினான். முகத்தில் ரத்தம் கோடிட்டது, அப்போதும் எழவில்லை. கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே அவன் கடப்பாரையோடு முன்னால் போய்க் குத்தினான். கடப்பாரை பனிக்குள் போகவில்லை, தண்ணீருக்குள் போனது. திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்து, தன் பங்கு உலர்மீன் முழுவதையும் கயோக்குக்குப் போட்டான். அமாலியா பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தும் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கயோக்கின் மூக்கின் மேல் அந்தத் தழும்பில் மட்டும் முடி திரும்ப முளைக்கவேயில்லை.

மூடிப்போன தூண்டில் துவாரத்துக்கு அருகே கயோக் தானாக நின்றது. எப்போதும் நிற்கிற இடம்.

"இங்கயே," என்றாள் அமாலியா. லார்சி துப்பாக்கியைக் கழற்றிக் கொடுத்தான்.

அவள் பக்கவாட்டில் போய் நின்று, காதுக்குப் பின்னால் குறி வைத்தாள். நாய் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் விரல் நகரவில்லை.

அப்போது வண்டியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. நாய்களைக் கிளப்புகிற சத்தம். தொண்டையின் அடியிலிருந்து இழுத்து விடுவது. அது பேச்சில்லை, அதனால்தானோ என்னவோ பீட்டாக்குக்கு அது வந்தது. கயோக்கின் காதுகள் நிமிர்ந்தன. முகத்தை முன்னால் திருப்பி, நெஞ்சை வாரில் கொடுத்து, கயிற்றை விறைத்தது.

அமாலியா சுட்டாள்.

தோலை அங்கேயே, சூடு ஆறுவதற்குள் உரித்தாள். கழுத்து முடி கையுறைக்கு ஆகும். அதில் உறைபனி ஒட்டாது. உடலைக் கரையோரப் பனிப்பிளவில் இறக்கினார்கள். பீட்டாக் எல்லாவற்றையும் பார்த்தபடி இருந்தான். மடியில் சுருட்டி வைத்த வாரை இடது கையால் பிடித்திருந்தான்.

வீட்டில் காபி குடித்து முடித்ததும் லார்சி எழுந்தான். "நாளைக்கு வந்து நாய்ங்கள ஓட்டிட்டுப் போறேன் அண்ணி. நல்லா பாத்துக்குவேன், கவலப்படாத."

"நாளைக்கு நாய்ங்க இருக்காது."

"ஏன், எங்க போகுதுங்க?"

"தூண்டிலுக்கு."

லார்சி அண்ணனைப் பார்த்தான். பீட்டாக் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவள் பெரிய வண்டியில், நீண்ட கயிற்றில் கொக்கிகள் கோத்த ஆயிரந்தூண்டில் பெட்டியையும் கடப்பாரையையும் ஏற்றினாள். நாய்கள் விசிறி போல விரிந்து நின்றன, ஒவ்வொன்றும் தன் தன் கயிற்றில். கயோக்கின் கயிறுதான் எல்லாவற்றிலும் நீளம். அதை நுக்காவுக்குக் கட்டினாள். எதிரே, முன்னால் ஓடும் வால் எதுவும் இல்லாத வெட்டவெளியைப் பார்த்த நுக்கா திரும்பி வந்து கூட்டத்துக்குள் புகுந்தது. கயிறுகள் சிக்கின. கையுறையைக் கழற்றி, மரத்துப்போன விரல்களால் சிக்கெடுத்தாள். மறுபடி பூட்டினாள். மறுபடி புகுந்தது.

"என்ன அண்ணி, நான் வரவா?" லார்சி கரையில் நின்று கத்தினான். பக்கத்தில் மீன்காரர்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் நுக்காவுக்கு வேறு கயிறு கட்டினாள். நீளமான கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். எல்லா நாய்களுக்கும் முன்னால் போய் நின்று, பீட்டாக்கின் அந்தச் சத்தத்தைக் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

வண்டி அசையவில்லை. கயிறு இடுப்பை அறுத்தது. உடம்பை முன்னால் சாய்த்து இன்னொரு அடி வைத்தாள். பின்னால் ஒரு நாய் எழுந்து உதறிக்கொள்ளும் ஓசை, பிறகு இன்னொன்று. சறுக்குக்கட்டை பனியிலிருந்து விடுபட்டுக் கிறீச்சிட்டது. கரையில் சிரிப்பு நின்றிருந்தது, அல்லது அவளுக்குக் கேட்கவில்லை. கடல்பனியில் உறைந்து நின்ற பனிமலையைத் தாண்டும்வரை அவள் திரும்பவில்லை.

துவாரம் கண்ணுக்குத் தெரியும்போது இடுப்புக் கயிறு தொய்ந்தது. முழங்காலருகே சூடான மூச்சு. நுக்கா அவளை உரசியபடி வந்து, ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டு, தாண்டிப் போனது.

அமாலியா நடந்துகொண்டே முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.