சாம்பல் நிற முகவரி

நகரத்துத் தொழில் கையேட்டு அலுவலகத்தில் நிரல் எழுதுகிறவனுக்குச் சல்லடை என்று பெயர் விழுந்துவிட்டது. விண்ணப்பத்தில் இணையதள முகவரி கேட்கும் கட்டம் அவன் பொறுப்பு. ஒருமுறை எவனோ அதில் "கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டான். அன்றிலிருந்து சல்லடை விதிமேல் விதி எழுதினான். நடுவில் கோடு வந்தால் தள்ளு. எண் வந்தால் தள்ளு. நீளமென்றால் தள்ளு, குட்டையென்றால் சந்தேகப்பட்டுத் தள்ளு. மொத்தம் நானூற்றுப் பதினேழு விதிகள். ஒவ்வொன்றையும், கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் அவனே உதாரணமாகக் கற்பனை செய்து வைத்த முகவரியைப் போட்டுத்தான் சோதிப்பான். அது ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

பதிவின் கடைசி நாள், நாலரை மணிக்கு அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். கையேட்டில் பெயர் வராவிட்டால் ஒரு வருஷம் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

"மாப்ள, என் முகவரியில ஒரு சின்னக் கோடு. அதுக்குப் போய் துரத்துதே உன் பொட்டி."

"கோடு போட்டது உங்க தப்பு, மாமா."

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது: "சோத்துலயும் இப்படித்தான் கல்லு பொறுக்குவான். கடைசியில தட்டுல ஒண்ணும் இருக்காது."

"இன்னிக்கு உங்களுக்கு வழி விட்டா, நாளைக்கு ஊரே கோடு போட்டுக்கிட்டு வரும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

ஐந்து மணிக்குப் பதிவு மூடியது. மூவாயிரம் கடைகள், ஒரு பிழை இல்லை. மேலாளர் கைகுலுக்கிவிட்டுப் போனார். சல்லடை பட்டியலைத் திறந்தான். பல் டாக்டர், தையல்காரர், சவப்பெட்டி செய்கிறவர், அத்தனை பேருக்கும் ஒரே முகவரி. சொந்த முகவரி ஏறாதவர்கள், கண்ணெதிரே சாம்பல் நிறத்தில் இருந்ததையே தட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

உலகத்தில் இல்லாத அந்த முகவரியை வேறு யாரும் பிடிப்பதற்குள் வாங்கிவிடப் பார்த்தான். மணி நாலு ஐம்பதுக்கே அது விற்றுப்போயிருந்தது.

"நான்தான் மாப்ள" என்றார் மாமா போனில். "நீ அதை மட்டும்தான் ஏத்துக்கறே. சரி, அதுவே என்னோடதா இருந்துட்டுப் போகட்டுமேன்னு."

அடுத்த வாரம் கையேடு வெளிவந்தது. அதிலிருந்த முகவரியைத் திறந்தவர்களுக்கெல்லாம் மாமாவின் வீட்டு விலாசமே வர, அவர் வாசலில் கூட்டம் தெருமுனையைத் தாண்டியது. பல்வலிக்காரர்கள், சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள், துக்க வீட்டுக்காரர்கள். மாமா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. மோட்டார் கழற்றும் கைக்குப் பல் ஒரு பொருட்டா? வேலை தாங்காமல், அலுவலகம் கைகழுவிய சல்லடையையும் சேர்த்துக்கொண்டார். மாமாவின் தளத்தில் இப்போது ஒரே கட்டம்: உங்களுக்கு என்ன வேண்டும்? அக்காவின் உத்தரவு, எதை எழுதினாலும் ஏற்க வேண்டும்.

முதல் ஆள் தெருப் பெயரைப் போட்டு, "ஆமா" என்று மட்டும் எழுதியிருந்தார். சல்லடையின் விரல் தானாக அழிக்கும் பட்டனுக்குப் போனது. மாமா எட்டிப் பார்த்துப் படித்தார். ஸ்பானர் பையைத் தோளில் மாட்டினார்.

"எதுக்கு மாமா போறீங்க?"

"போனாத்தானே தெரியும்."