எல்லாம் நல்லாயிருக்கு

டாக்டரம்மா சொன்னது கொஞ்சம்தான். “மாத்திரை அதோட வேலையைச் செய்யும். வீட்ல அவருக்கு டென்ஷன் வராம பாத்துக்கங்க. பிரஷர் இப்படியே நின்னா, பின்னாடி இதயமும் கிட்னியும் கணக்குக் கேக்கும்.” என் வீட்டுக்காரர் திரைக்கு அந்தப் பக்கம் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டது நான்தான். கேட்டதோடு விடாமல் தலையில் ஏற்றிக்கொண்டும் வந்துவிட்டேன்.

அவருக்கு பஸ் டெப்போவில் கண்ட்ரோலர் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, கிளம்பாத வண்டிக்கெல்லாம் திட்டு வாங்குகிற உத்தியோகம். டெப்போவை நான் திருத்த முடியாது. வீடு என் கையில்தானே இருக்கிறது?

வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் பேசினேன். அப்பா காதில் ஒரு கெட்ட சேதியும் விழக் கூடாது என்று இருவரும் முடிவு செய்தோம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே அமைதி. குழாய் உடைந்தால் அவர் வருவதற்குள் ஆளைப் பிடித்துச் சரிசெய்தேன். நான் வீட்டிலேயே துணி தைக்கிறவள். ரவிக்கை இறுக்கம் என்று சண்டைக்கு வந்தவளைக்கூட அவர் காதில் விழாமல் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய்த்தான் சமாதானம் செய்தேன்.

அந்த நேரம் பார்த்து மகளுக்கு வேலை போனது. நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அவள் அழுததை போனில் கேட்டேன். “அப்பாவுக்குத் தெரியவே கூடாதும்மா” என்றாள். அதன்பிறகு அப்பாவிடம் பேசும்போதெல்லாம் அவள் பேச்சில் தேன் ஒழுகியது. “நான் சூப்பரா இருக்கேன்ப்பா. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க.”

இத்தனை செய்தும் பிரஷர் இறங்கவில்லை. ஏறியது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். நான் டெப்போவைச் சபித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தையல் மெஷினில் இருந்த என்னை அவர் பின்பக்கம் கூப்பிட்டார். மோட்டார் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“இந்த வால்வைப் பாத்துக்கோ. இடது பக்கம் திருப்பினாத்தான் மேல் தொட்டிக்குத் தண்ணி ஏறும்.”

“எனக்கெதுக்கு இது? நீங்கதான் இருக்கீங்களே.”

“இருக்கற வரைக்கும் சரி.” என் முகத்தைப் பார்க்காமல் வால்வைத் துடைத்தார். “டாக்டரம்மா எவ்வளவு நாள்னு சொன்னாங்க?”

எனக்கு விளங்கவில்லை. “என்ன நாள்?”

“மறைக்காத. நீ பாத்ரூம்ல போன் பேசற. நான் உள்ள வந்தா பேச்சு நின்னுடுது. உன் பொண்ணு என்கிட்ட சண்டை போடாம என்னிக்குப் போனை வச்சிருக்கா? இப்ப தேனா பேசறா. டெப்போவுக்கு ஒரு டிரைவர் தானா கூப்பிட்டு, எல்லாம் நல்லாயிருக்கு சார்னு சொன்னா, வண்டி எங்கயோ பள்ளத்துல கிடக்குதுன்னு அர்த்தம். கொஞ்ச நாளா இந்த வீட்ல எல்லாமே நல்லாயிருக்கு.”

இத்தனை நாளும் மனுஷன் சாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார். நான் சுவரைப் பார்த்துக் குறட்டை விட்டிருக்கிறேன். வாயில் வந்தது என்னவோ கோபம்தான்.

“வாயத் திறந்து கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா உனக்கு டென்ஷன் ஆகுமேன்னுதான்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டரம்மா சொன்னது, உடைந்த குழாய், ரவிக்கைச் சண்டை, கடைசியில் மகளின் வேலை. அவர் முகம் சிவந்தது. ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எப்ப போச்சு வேலை?”

“ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.”

“ஒரு மாசமா பிள்ளை அங்க தனியா அழுதுட்டிருக்கு. நீங்க எனக்கு மாத்திரை கூட்டிட்டிருக்கீங்க” என்றார். அங்கேயே மகளுக்கு போன் போட்டார்.

“நான் சூப்பரா இருக்கேன்ப்பா” என்று அவள் ஆரம்பித்தாள்.

“நிறுத்து. அம்மா சொல்லிட்டா.”

அவள் அழுவது எனக்கே கேட்டது. “சாரிப்பா. உங்களுக்கு டென்ஷன் ஆகும்னுதான்...”

“ஆகுது. நல்லாவே ஆகுது. உனக்காக எனக்கு ஆகாம வேற எவனுக்கு ஆகணும்? துணிய எடுத்து வை. எந்த வண்டின்னு நான் பாத்துச் சொல்றேன்.”

அன்று மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் சாயங்காலம் விளக்குப் போடும் நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. அவர் இப்படித் தூங்கிப் பல நாளாயிற்று. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மெல்லப் போய் அவர் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன்.

கண்ணைத் திறக்காமலே, “இருக்கேன், போ” என்றார்.