மாடிப்படியா, மாப்பிள்ளையா?

ஆஸ்பத்திரி லிஃப்ட் படுத்துக்கொண்ட நாளிலிருந்து என் நெஞ்சு என் பேச்சைக் கேட்கவில்லை. ஊரார் நெஞ்சுக்கெல்லாம் ஈசிஜி எடுக்கிறவள் நான். என் அறையோ உச்சி மாடியில். மூச்சு வாங்க ஏறிப் போனால், மேல்படியில் எண்ணெய்க் கையோடு லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருப்பார். "மெதுவா வாங்க மேடம்" என்பார். அவ்வளவுதான். நெஞ்சு படபடவென்று அடிக்கும், காது சூடாகும், நாள் முழுக்க நானாகவே சிரித்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் அந்த மனிதர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டார். இங்கே வேலை முடிந்ததும் வேறு ஊருக்குப் போகிறாராம். அதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தங்கச்சியிடம் போய்ச் சொன்னேன். மகாராணி காலேஜில் உளவியல் முதல் வருஷம் படிக்கிறாள்.

"அக்கா, இது காதலே இல்ல, மாடிப்படி," என்றாள். "உடம்பு முதல்ல படபடக்கும். ஏன்னு மூளைக்குச் சட்டுனு தெரியாது. எதிர்ல யாரு இருக்காங்கன்னு பார்த்து, அதுக்குக் காதல்னு ஒரு பேரு வெச்சிடும். ஆடுற தொங்கு பாலத்துல பயந்துகிட்டே ஒரு பொண்ணுகிட்ட பேசின ஆம்பளைங்க நிறைய பேரு அப்புறமா அவளுக்கு போன் பண்ணாங்களாம். ஆராய்ச்சியே இருக்கு."

"அப்ப மேல்படியில வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தா?"

"வாட்ச்மேனைக் கட்டியிருப்பே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை. வெறும் மூச்சிரைப்பை நம்பி ஒரு ஆளைக் கட்டிக்கொள்ள முடியுமா?

இன்று காலை லிஃப்ட் ஓடியது. நின்றபடியே ஒய்யாரமாக மேலே போனேன். தங்கச்சியும் கூடவே வந்தாள். படியேறாமல் அவரைப் பார்த்தால் நெஞ்சு என்ன செய்கிறது என்று சோதிக்க, கட்டிலில் படுத்துக் கை கால்களில் ஈசிஜி கிளிப் மாட்டிக்கொண்டேன். மெஷின் பக்கம் அவள் நின்றாள். வரச் சொல்லியிருந்தபடி அவர் வாசலில் வந்து, "லிஃப்ட் ரெடிங்க," என்றார்.

காகிதம் ஓடியது. ஒரு துள்ளல் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போவதுபோல் கோடுகள் ஒழுங்காகப் போயின.

"பார்த்தியா? படிதான்," என்றாள் தங்கச்சி.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அவரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"சரிங்க. அப்ப நான் டூல்ஸை எடுத்து வைக்கிறேன்," என்று திரும்பினார்.

நெஞ்சு படபடக்கவில்லை. காது சுடவில்லை. இந்த ஆள் போகக் கூடாது என்பது மட்டும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

"நில்லுங்க," என்றேன். "இப்ப எனக்கு மூச்சு வாங்கல. பழி போடப் படிக்கட்டும் இல்ல. உங்களைப் பிடிச்சிருக்கு. கட்டிக்கிறேன்."

அவர் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா? நெஞ்சு என்னமோ பண்ணுது."

"படியேறியா வந்தீங்க?" தங்கச்சி சந்தேகமாகக் கேட்டாள்.

"லிஃப்ட்லதாங்க."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. உடம்பு குலுங்கக் குலுங்க மெஷின் காகிதம் முழுக்கக் கிறுக்கித் தள்ளியது.

"ஆடாதேக்கா, ஒண்ணும் படிக்க முடியல."

"படிக்கவே வேண்டாம். கிளிப்பைக் கழட்டு."