வேன் மாமாவின் சிரிப்பு

முதல் நிறுத்தத்தில் வேனை நிறுத்திவிட்டு, வேன்காரர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். எப்படி வைத்துக்கொண்டாலும் எங்கேயோ உதைத்தது. சிரித்தால் நேற்று டிவியில் வந்த சிரிப்பு. சிரிக்காவிட்டால் நேற்று டிவியில் வந்த முறைப்பு. பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு இன்றைக்குத்தான் இறங்குவதற்கு முன் முகத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

நேற்று ஞாயிறு மத்தியானம் அவர் அடியாளாக நடித்த அந்தப் பழைய ஆக்‌ஷன் படத்தைப் போட்டுத் தொலைத்தார்கள். அதில் அவர் ஒரு வேன் கதவைத் திறந்து, சீருடையில் நிற்கும் குழந்தையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டு போவார். வாலிப வயசில் ஹீரோவுக்கு நண்பன் வேஷம் கேட்டுத்தான் போனார். இயக்குநர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சிக்கு ஃபிரண்டா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறென்ன செய்வது, அவரும் சேர்ந்து சிரித்துவைத்தார். "இதான்யா, இந்தச் சிரிப்புதான் வேணும்!" என்று பிடித்துக்கொண்டார்கள். கறுத்த முகத்துக்கு மேலும் கறுப்பு பூசி, கன்னத்தில் ஒரு தழும்பையும் ஒட்டினார்கள். ஆறு படம். ஆறிலும் பெயர் கிடையாது, பேச ஒரு வார்த்தை கிடையாது, ஹீரோ கையால் சாவு மட்டும் உண்டு. கூட நின்ற அடியாட்களும் அவர் நிறம்தான். விசிலடித்த கூட்டத்திலும் பாதிப்பேர் அதே நிறம்தான், அதை யார் பார்த்தார்கள்.

"தழும்பு இல்லையேங்க, யாருக்கு அடையாளம் தெரியப்போகுது?" என்று மனைவி தேற்றினாள். சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சி பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. 'இது நம்ம வேன்காரர்தானே?' என்று யாரோ கேட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கிண்டல் பண்ணியிருந்தால்கூடத் தேவலை.

"நடிப்புதான்னு சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி.

"அது அவங்களுக்குத் தெரியாதாடி? தெரிஞ்சும் பயம் வருமே, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

இப்போது, அவர் வாலு என்று கூப்பிடும் சிறுமி தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். ஆறு வயசு. தினமும் அம்மா கையை உதறிவிட்டு ஓடிவந்து ஒரே தாவலில் ஏறுகிறவள். இன்றைக்கு அம்மா கையை விடவில்லை. வேன்காரர் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார். பதினோரு வருஷப் பழக்கம் விடுமா? உதடு தானாக விரிந்துவிட்டது.

வாலு சட்டென்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு நானும் கூட வர்றேன்," என்றாள் வாலுவின் அம்மா.

"வாங்கம்மா," என்றார், விரலிடுக்கு வழியாக.

வேன் அமுங்குவதை வைத்தே எந்தப் பிள்ளை ஏறுகிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய மறு கை கதவுப் பிடியில் இருந்தது. வேன் ஒருமுறை ஆழமாக அமுங்கி எழுந்தது. அது அம்மா. அடுத்தது சின்னதாக ஒரு அமுங்கல், அவ்வளவுதான் வரவேண்டும். அவர் வாயிலிருந்து கையை எடுக்காமல், ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வாலுவின் தண்ணீர் பாட்டில் படியில் இடித்தது. வேன் இன்னும் அமுங்கவில்லை.